பையை விட்டு வெளியே வராத கேமரா

படம் எடுக்கத் தெரிந்திருந்தும் வாசற்படியைத் தாண்ட மனம் வராமல் போவது உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. நல்ல ஒளி கிடைப்பதோ சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் உள்ள சிறு பொழுதில்தான். அப்போது கதிர்கள் சாய்வாக, வளிமண்டலத்தை நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீல ஒளி பெரும்பாலும் சிதறிப்போய், காரை உதிர்ந்த சுவர்கூடப் பொன்னிறத்தில் மேடு பள்ளம் துலங்கத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் உறக்கமோ அலுவலக வேலையோ வந்து கையைக் கட்டிப் போடுகிறது. விடுமுறை நாளில் கிளம்பலாம் என்றாலோ, பேட்டரியில் சார்ஜ் இருக்காது, மெமரி கார்டில் பழைய படங்கள் நிரம்பிக் கிடக்கும். இவற்றைச் சரிசெய்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, எதிரே நிற்பவரின் கண்குழிகளில் கருநிழல் விழுந்துவிடும்.

புதிய லென்ஸ் வாங்கினால் ஆர்வம் தானாக வந்துவிடும் என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலான படங்களைச் சாதாரண 50 மி.மீ. லென்ஸ் கொண்டே எடுத்தார். அவர் தெருத்தெருவாக நடந்தார் என்பதுதான் முக்கியம்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வருத்துவது வேறு. பிறர் எடுத்த மலைகளையும் அருவிகளையும் கைபேசித் திரையில் ஓயாமல் பார்த்துவிட்டு, நம் தெருமுனையில் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று, அங்கே போய்ப் பார்ப்பதற்கு முன்பே மனம் முடிவு கட்டிவிடுகிறது.