இடம் மாற வேண்டியது அவள்தானா?

வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொன்னால், நம் ஊரில் பெரும்பாலும் முதலில் நடப்பது என்ன தெரியுமா? அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று சமாதானம் வேறு. தொல்லை கொடுத்தவர் அதே நாற்காலியில் இருப்பார். என்னைக் கேட்டால், புகார் சொன்னதற்கு அவளுக்குக் கொடுக்கிற தண்டனை இது.

என் உறவுக்காரப் பெண் ஒரு ஜவுளிக்கடையில் பில் கவுண்டரில் இருந்தாள். பில்லைச் சரிபார்க்கிற சாக்கில் மேனேஜர் தோளில் கை வைப்பார். முதலாளியிடம் சொன்னாள். மறுநாளே குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். கவுண்டர் பெண்களோடு கூட்டாகச் சாப்பிட்டவள், பண்டல்களுக்கு நடுவே தனியாக டிபன் பாக்ஸைத் திறந்தாள். கல்லாவில் கை வைத்ததால்தான் மாற்றினார்கள் என்று கடை முழுக்கப் பேச்சு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டாள்.

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்லவே இல்லை. விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் எழுத்தில் கேட்டால், அவளையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றும்படி, புகாரை விசாரிக்கும் குழு பரிந்துரைக்கலாம். 3 மாதம் வரை விடுப்பும் தரச் சொல்லலாம்; அது அவளுக்கு ஏற்கெனவே உள்ள விடுப்பில் கழியாது. சமரசம்கூட அவள் கேட்டால்தான், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. எல்லாமே அவள் கேட்டால் என்றுதான் இருக்கிறது. நிர்வாகங்கள் வசதியாக மறப்பது இதைத்தான்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சின்னக் கடையா, வீட்டு வேலையா, புகாரே முதலாளி மேலா? அதற்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

ஆனால் பழிவாங்குவார்கள் என்ற பயம் இருக்கும்வரை குழு இருந்தும் யார் வாய் திறப்பார்கள்? 2021இல் திண்டுக்கல் பகுதியில் வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு தலித் பெண் ஆயத்த ஆடைத் தொழிலாளி கொல்லப்பட்டார். அப்புறம் பெண் தொழிலாளர்களின் சங்கம் போராடி, 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அதில் முக்கியமான அம்சம். தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, வேலைத்தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்வதுதான் அதன் ஏற்பாடு. பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சொல்வது எவ்வளவோ சுலபம். ஒவ்வொரு மில்லுக்கும் இது வர வேண்டும்.

இப்போது இந்த நிலையில் இருக்கும் தோழிகளுக்கு: சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். தேதி, இடம், அவர் சொன்ன வார்த்தைகள், கூட இருந்தவர்கள் எல்லாம் இருக்கட்டும். 6 பிரதி கொடுக்க வேண்டும். எழுத வராது என்றால் எழுத உதவுவது குழுவின் கடமை. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நடுவில் இடமாற்ற ஆர்டர் வந்தால், "நான் கேட்கவில்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.