மீதி 71 எங்கே?

தம்பி: மெல்ல, அக்கா! நான் ஒட்டிய பிளாஸ்டிக் விமானம் அது, 72-இல் ஒன்று.

அக்கா: மீதி 71 எங்கேடா?

தம்பி: மீதி எல்லாம் கிடையாது. நிஜ விமானத்தின் நீளத்தை 72-ஆல் வகுத்தால் இந்த நீளம். ஆறடி ஆள் இதில் ஓர் அங்குலம்தான்.

அக்கா: அந்த ஓர் அங்குல ஆளைக் காணோமே.

தம்பி: உள்ளேதான் இருக்கிறான். கண்ணாடி மூடி வெளுத்ததில் தெரியவில்லை.

அக்கா: வெந்நீரில் குளிக்கிறானோ?

தம்பி: சூப்பர் குளூ ஆவி பட்டுப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. மூடிக்கு வெள்ளைப் பசைதான் போட்டிருக்க வேண்டும். 20 வருஷம் கழித்து உட்கார்ந்தால் கை மறந்துவிடுகிறது.

அக்கா: பெயின்ட் ஏன் திட்டுத்திட்டாக விலகி நிற்கிறது?

தம்பி: வார்ப்பு அச்சில் தடவுகிற எண்ணெய்ப் பிசுக்கு பாகங்களில் தங்கியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அக்கா: நீ சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டாய். சரி, மீதி 71-ஐயாவது கழுவிவிட்டு ஆரம்பி.

தம்பி: 71 இல்லை என்றேனே!

(விமானம் மறுபடி வாலைத் தரையில் ஊன்றி உட்காருகிறது.)

அக்கா: இதற்கு என்ன கோபம்? மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

தம்பி: இது பி-38 போர் விமானம். முன்சக்கரம் மூக்குக்கு அடியில். வால் பக்கம்தான் கனம். மூக்கை ஒட்டி மூடுவதற்கு முன்னால் உள்ளே ஈயக்குண்டு வைக்கவேண்டும்.

அக்கா: அதை யாரும் சொல்லவில்லையா?

தம்பி: விளக்கத்தாளில் போட்டிருக்கிறது.

அக்கா: எத்தனையாவது பக்கம்?

தம்பி: முதல் பக்கம்.

அக்கா: எப்போது படித்தாய்?

தம்பி: ஒட்டிய பிறகு.

அக்கா: ஜன்னலில் என்ன, ஏதோ தாள் ஒட்டியிருக்கிறது?

தம்பி: டெகால், விமானத்தின் மேல் ஒட்டுகிற சின்னங்கள். பெட்டிக்குள் கிடந்து மஞ்சளாகிவிட்டது. சில நாள் வெயில் பட்டால் வெளுக்கும். அப்புறம் மேலே வார்னிஷ் அடித்துவிட்டுத்தான் தண்ணீரில் போடவேண்டும். இல்லாவிட்டால் பழைய டெகால் ஊறியதும் துண்டு துண்டாகப் போய்விடும்.

அக்கா: 20 வருஷம் அதைப் பரணில் தூக்கிப் போட்டது யார்?

தம்பி: அப்பாதான். "படிக்கிற பிள்ளைக்குப் பொம்மை எதற்கு" என்று பிடுங்கிக்கொண்டார்.

அக்கா: ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாய். நேற்று என் பையன் இறக்கையைத் தொட்டானே, அவனிடம் என்ன சொன்னாய்?

தம்பி: ...

அக்கா: ஒரு வார்த்தை மாறவில்லை. அப்பாவை 72-இல் ஒன்றாகச் சுருக்கி உனக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறது.

தம்பி: அவன் பசையை அப்பிவிட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும் அக்கா, அதனால்தான்...

அக்கா: அவன் அந்த அறையில் பாகங்களைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, விளக்கத்தாளின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறான்.

தம்பி: எந்தப் பெட்டி? ஐயோ, அதைத் தொடக்கூடாது! அது 48-இல் ஒன்று!

அக்கா: மீதி 47 எங்கேடா?