592 என்பது ஒரே நாளில் நடந்த மரணம் அல்ல

“2021 செப்டம்பர் 11 அன்று மட்டும் மலேசியாவில் 592 பேர் கோவிட்டில் இறந்தார்கள், தடுப்பூசி போட்ட பிறகுதான் சாவு கூடியது” என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு, அண்ணே. 592 என்பது சுகாதார அமைச்சு அன்று அறிவித்த எண்ணிக்கை. பதிவாகாமல் தேங்கிக் கிடந்த பழைய மரணங்களும் அதில் சேர்ந்தே வந்தன.

தேக்கம் ஏன்? வீட்டிலேயே இறந்து, சடலமாக மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு, வந்த பிறகுதான் பரிசோதனை நடந்தது. முடிவு வர வேண்டும், மரணக் காரணம் உறுதியாக வேண்டும், அதன் பின்பே அந்த மரணம் கணக்கில் ஏறியது. கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த மாதங்களில் இந்த வேலை பின்தங்கியது. நாட்டின் மொத்தக் கோவிட் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படிச் சடலமாகக் கொண்டுவரப்பட்டவர்களுடையது. அவர்கள் வெறும் எண் அல்ல.

கிட்ஹப் என்ற பொது இணையதளத்தில் அமைச்சு வைத்திருக்கும் மரணக் கோப்பை நீங்களே திறந்து பாருங்கள். அதில் ‘டெத்ஸ்_நியூ’ என்ற பத்தி அறிவித்த நாள் கணக்கு. ‘டெத்ஸ்_நியூ_டிஓடி’ இறந்த நாள் கணக்கு. இரண்டாவதை வரைந்தால் உச்சம் ஆகஸ்டிலேயே வந்து, செப்டம்பரில் கோடு இறங்குவது தெரியும்.

தடுப்பூசியைப் பற்றிப் பேச, இறந்தவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்று எண்ணுவது போதாது. பெரியவர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட நாட்டில் அந்த எண்ணிக்கை தானாகவே பெருகும். போட்ட லட்சம் பேரில் எத்தனை, போடாத லட்சம் பேரில் எத்தனை என்று வயதுவாரியாக ஒப்பிட வேண்டும்.