ரீநேம் சொதப்பினால் உடனே கேஷை அழிக்காதீர்கள்

ஐடிஇயில், அதாவது கோட் எழுதும் மென்பொருளில், ரீநேம் வசதியால் ஒரு மெத்தடின் பெயரை மாற்றுகிறோம். பாதி இடத்தில் மாறுகிறது, மீதியில் பழைய பெயரே நிற்கிறது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "கேஷை அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணு." அதாவது ஐடிஇ சேமித்து வைத்திருக்கும் தற்காலிகத் தகவலை அழிக்கச் சொல்கிறார்கள். சில நேரம் அது பலிக்கவும் செய்கிறது. பிரச்சினையே அதுதான். ஏன் சொதப்பியது என்று தெரியாது, அடுத்த முறையும் அதே கூத்து.

ரீநேம் போல, நடத்தை மாறாமல் கோடின் அமைப்பை மாற்றித் தருவதுதான் ரீஃபேக்டரிங். அந்தக் கருவி வெறும் எழுத்துகளைத் தேடி மாற்றுவதில்லை. கோடைப் பார்ஸ் செய்து (இலக்கணப்படி பிரித்துப் படித்து), எந்தப் பெயர் எந்த வரையறையைச் சேர்ந்தது என்று இண்டெக்ஸ் போட்டு வைத்துக்கொள்கிறது. இண்டெக்ஸில் இல்லாத ஃபைல் அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. அதனால் நான் முதலில் செய்வது, அந்தப் பெயரின் மேல் கர்சரை வைத்து அது பயன்படும் இடங்களைப் பட்டியலிடச் சொல்வது. எனக்குத் தெரிந்த ஓர் இடம் பட்டியலில் இல்லையென்றால் கோளாறு ரீநேமில் இல்லை, புராஜெக்ட் அமைப்பில் இருக்கிறது. டெஸ்ட் ஃபோல்டர் டைப்ஸ்கிரிப்ட் கான்ஃபிக்கில் சேர்ந்திருக்காது. பைத்தானில் வேறு இன்டர்பிரெட்டர் (கோடை ஓட்டும் புரோகிராம்) தேர்வாகியிருக்கும். ஜாவாவில் பக்கத்து மாட்யூல் சோர்ஸாக இல்லாமல், கம்பைல் செய்து கட்டிய ஜார் ஃபைலாக வந்திருக்கும். அதற்குள் எந்த ஐடிஇயும் கை வைக்காது.

விஎஸ் கோட் மாதிரி எடிட்டர்களில் இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்படி (எடிட்டரும் மொழியை அறிந்த சர்வரும் பேசிக்கொள்ளும் முறை), எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வது எடிட்டர் இல்லை, பின்னால் ஓடும் சர்வர். எடிட்டரைத் திட்டிப் பயனில்லை, அவுட்புட் பேனலில் அந்த சர்வரின் லாகைத் திறந்து பாருங்கள்.

இதெல்லாம் எளிய வகை. ரீநேம் முழுதாக முடிந்து, பில்டும் பச்சை காட்டி, ஓடும்போது உடைகிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். காரணம் பெரும்பாலும் ஸ்டிரிங்தான், அதாவது மேற்கோளுக்குள் எழுத்தாக இருக்கும் பெயர். ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போது பெயரைக் கொண்டு கோடைத் தேடுவது) கிளாஸ் பெயர், எக்ஸ்எம்எல் கான்ஃபிக், டெம்ப்ளேட், பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் பைத்தானின் கெட்அட்ர். இவற்றில் பெயர் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கிறது. ஜாவாவில் ஆப்ஜெக்டை ஜேசானாக மாற்றும் ஜாக்சன் லைப்ரரி, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், கெட்டர் (மதிப்பைத் தரும் மெத்தட்) பெயரிலிருந்தே ஜேசான் கீயை எடுத்துக்கொள்ளும். கெட்டரை மாற்றினால் மற்ற புரோகிராம்கள் நம்பியிருக்கும் ஏபிஐயே மாறிவிடும், கம்பைலர் வாய் திறக்காது. பழைய கீயை முதலில் ஜேசான்பிராப்பர்ட்டி அன்னோட்டேஷனில் பூட்டிவிட்டு அப்புறம் பெயரை மாற்றுங்கள். ஸ்டிரிங்கிலும் கமென்டிலும் தேடும் வசதி உண்டுதான். ஆனால் பெயர் 'ஐடி', 'நேம்' என்று இருந்தால் பிரிவ்யூ பார்க்காமல் அதைத் தொடுவது தற்கொலை.

வில்லியம் ஒப்டைக் 1992இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ரீஃபேக்டரிங் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியபோதே, மாற்றும் முன் எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேறினால் புரோகிராமின் நடத்தை மாறாது என்பதுதான் மையக் கேள்வி. ஐடிஇ தனக்குத் தெரிந்த நிபந்தனைகளை மட்டும் சரிபார்க்கும். மிச்சம் நம் தலையில்.

கோடின் மாற்ற வரலாற்றைப் பதிவு செய்யும் கிட்டும் தன் பங்குக்குக் குழப்பும். ரீநேம் என்று அது எதையும் பதிவு செய்வதில்லை, அமைப்பை நாம் மாற்றாவிட்டால், இரண்டு ஃபைல்கள் 50 சதவீதமாவது ஒத்திருந்தால்தான் ஒன்று இன்னொன்றாக மாறியது என்று ஊகிக்கும். பெயரையும் உள்ளடக்கத்தையும் ஒரே கமிட்டில் புரட்டிப் போட்டால் வரலாறு அறுந்துவிடும். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டும் மாறினால் விண்டோஸிலும் மேக்கிலும் பொதுவாக ஒன்றும் தெரியாது, லினக்ஸ் பில்ட் சர்வரில் போய் விழும். இடையில் வேறொரு பெயர் வைத்து, இரண்டு படியாக மாற்றுவதே நிம்மதி.

சரி, கேஷை எப்போதுதான் அழிப்பது? நீக்கிவிட்ட ஃபைல்கள் தேடலில் இன்னும் வருகின்றன, பிராஞ்ச் மாறியும் பழைய கோடையே ஐடிஇ நம்பிக்கொண்டிருக்கிறது என்றால் தாராளமாக அழியுங்கள். ஆனால் அதற்கு முன் அரைகுறை ரீநேமைக் கையால் ஒட்டுப்போட உட்காராதீர்கள். கடைசி கமிட்டுக்குத் திரும்பி, இண்டெக்ஸைச் சரிசெய்து, பட்டியல் முழுதாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, ரீநேமை முதலிலிருந்து ஓட்டுங்கள்.