ஊரை விட்டுக் கிளம்பும்போதுதான் ஊர் கண்ணில் படுமா?

வாழ்க்கையில் செய்தே தீர வேண்டும் என்று மனதில் வைத்திருப்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் எதற்கெல்லாம் ரயிலோ விமானமோ ஏற வேண்டும், எதையெல்லாம் கதவைப் பூட்டிவிட்டு நடந்தே போய்ச் செய்துவிடலாம் என்று பிரித்துப் பாருங்கள். நண்பர்கள் பலரை இப்படி எழுதச் சொல்லியிருக்கிறேன். முதலில் வருவது பனிமலையும் கடல் கடந்த பயணமும்தான். கொஞ்சம் பொறுத்தால் மற்றவை வரத் தொடங்கும். நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்க வேண்டும். மேடையேறி ஒருமுறையாவது பேச வேண்டும். ரத்த தானம் செய்ய வேண்டும். அம்மாவின் கதையை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும். பேச்சு நின்றுபோன அண்ணனிடம் மறுபடியும் பேச வேண்டும். இவை அத்தனையும் சொந்த ஊரிலேயே நடக்கக்கூடியவை. ஆனால் வருடக்கணக்கில் நடக்காமல் கிடப்பவையும் இவைதான்.

பயணம் என்றால் பணம் சேர்க்கிறோம், விடுப்பு சொல்கிறோம், டிக்கெட் எடுக்கிறோம், நாலு பேரிடம் சொல்லியும் வைக்கிறோம். அதற்கு ஒரு தேதி இருக்கிறது. நீச்சல் குளத்துக்குத் தேதி கிடையாது. அது இங்கேதான் இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. சொந்த ஊர் ஆசைகளைக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான் என்பது என் உறுதியான எண்ணம். சோம்பேறித்தனம் என்றோ ஆர்வக்குறைவு என்றோ இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சூசேன் ஷூ, அயெலெட் நீசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கசப்பான வேலையை நாம் தள்ளிப்போடுவது எல்லோருக்கும் தெரியும். மகிழ்ச்சி தரும் காரியத்தையும் அதேபோலத் தள்ளிப்போடுகிறோம் என்பதுதான் அவர்கள் காட்டியது. ஓர் ஊரில் வசிப்பவர்கள் அந்த ஊரின் புகழ்பெற்ற இடங்களைப் பார்த்ததைவிட, சில வாரங்களே தங்கிப்போன பயணிகள் அதிகம் பார்த்திருந்தார்கள். ஊரை விட்டு வேறு இடம் குடிபெயரப் போகிறவர்கள் மட்டும் கடைசி நாட்களில் அவசர அவசரமாகச் சுற்றினார்கள். அதே ஆய்வில் இன்னொரு சோதனையும் உண்டு. பேக்கரியில் கொடுத்தால் இனிப்பு கிடைக்கும் பரிசுச் சீட்டைச் சிலருக்கு மூன்று வாரக் கெடுவோடும் சிலருக்கு இரண்டு மாதக் கெடுவோடும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கிடைத்தவர்கள்தான் கட்டாயம் பயன்படுத்துவோம் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னார்கள். கடைசியில் பயன்படுத்தியது மூன்று வாரக்காரர்களில் 31 சதவீதம், இரண்டு மாதக்காரர்களில் 6 சதவீதம்.

இரண்டு மாத அவகாசமே இப்படிச் செய்கிறது என்றால், வாழ்நாள் முழுவதும் அவகாசம் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கும் நாம் என்ன ஆவோம்?

ஜெய்மி கர்ட்ஸ் என்ற உளவியலாளர் 2008-இல் செய்த ஆய்வும் எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், படிப்பு முடிய இன்னும் ஆறு வாரம் போல இருக்கிறது. ஒரு பிரிவினரிடம் இன்னும் சுமார் 1,200 மணி நேரம்தான் இருக்கிறது என்றார். இன்னொரு பிரிவினரிடம் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்றார். கிட்டத்தட்ட ஒரே கால அளவு, சொன்ன விதம்தான் வேறு. நேரம் குறைவு என்று உணர்ந்த மாணவர்கள் அடுத்த இரண்டு வாரங்களில் கல்லூரி வாழ்க்கையில் கூடுதலாகக் கலந்துகொண்டார்கள், அவர்களுடைய மகிழ்ச்சியும் கூடியது. முடியப்போகிறது என்ற நினைப்பு சோகத்தைத்தான் தரும் என்று நாம் எதிர்பார்ப்போம். அங்கே நடந்தது வேறு. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இந்த ஊரில் இதுவே உங்கள் கடைசி மாதம் என்று எண்ணிக்கொண்டு வாழுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். ஊர் மாறவில்லை, கையிருப்பு மாறவில்லை, ஆனாலும் அவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவு கூடியது.

எதுவும் எங்கேயும் போகாது என்ற நம்பிக்கையும் உண்மையில் பிழையானது. 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி மாலை பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் தீப்பற்றி எரிந்தது. எண்ணூறு ஆண்டுக்கும் மேலாக நின்ற கட்டடம். அது மறுபடி திறந்தது 2024 டிசம்பரில். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று அதன் பக்கத்திலேயே குடியிருந்தவர்களும் ஐந்தரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. கொரோனா காலத்தில் பல நாடுகளில் நூலகமும் பூங்காவும் குளமும் சட்டென்று பூட்டப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். கட்டடங்களாவது திரும்பத் திறக்கும். அம்மாவின் நினைவாற்றல் அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அப்பாவின் இளமைக்காலத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவுக் கருவியோடு உட்கார்ந்தபோது அப்பாவுக்குப் பெயர்கள் கலையத் தொடங்கிவிட்டன. இத்தனைக்கும் அப்பா வீடும் மகன் வீடும் ஒரே தெருவில்தான் இருந்தன.

வாழ்நாள் பட்டியல் என்றாலே பலர் ஜான் கோடார்டைச் சொல்வார்கள். 1940-இல், லாஸ் ஏஞ்சல்ஸில், பதினைந்து வயதுப் பையனாக உட்கார்ந்து 127 லட்சியங்களை எழுதியவர். 1972-இல் லைஃப் இதழ் அவரைப் பற்றி எழுதிய பிறகு அந்தப் பட்டியல் உலகப் புகழ் பெற்றது. 2013-இல் அவர் இறப்பதற்குள் அதில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை முடித்திருந்தார். நைல் நதியை முழுவதும் கடந்தது, பெரும் மலைகள் ஏறியது என்று அவருடைய சாகசங்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரியும். நிமிடத்துக்கு 50 சொல் தட்டச்சு செய்யக் கற்க வேண்டும், புல்லாங்குழலும் வயலினும் வாசிக்க வேண்டும், பிரெஞ்சும் ஸ்பானிஷும் அரபியும் கற்க வேண்டும், தொலைநோக்கி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேண்டும், புத்தகம் எழுத வேண்டும். உலகம் சுற்றப்போகிற பையனின் கனவிலேயே வீட்டு மேசைக்கு இவ்வளவு இடம் இருந்திருக்கிறது. பட்டியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்தான்.

சரி, தேதி குறித்துவிட்டால் எல்லாம் நடந்துவிடுமா? சொந்த ஊரில் இன்னொரு தடை இருக்கிறது. அது தேதியைவிடப் பெரியது. நம்மைத் தெரிந்தவர்கள்.

வெளியூரில் நாம் யார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே போய்த் தைரியமாக மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவோம், தெரியாத மொழியில் தப்பும் தவறுமாகப் பேசுவோம், ஆடத் தெரியாமலே ஆடுவோம். உள்ளூரில் நாம் இன்னாரின் மகள், இந்த அலுவலகத்து அதிகாரி, அந்தப் பிள்ளையின் அம்மா. அந்தப் பிம்பத்தோடு போய், ஆழம் குறைந்த பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகளோடு நின்று தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சு விடப் பழகுவது லேசான காரியம் இல்லை. நான் நீச்சல் கற்றுக்கொண்டது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. தண்ணீர் பயத்தைவிட, தெரிந்தவர் யாராவது வந்துவிடுவாரோ என்ற பயம்தான் முதல் சில வாரங்கள் அதிகம் இருந்தது. வந்தார்கள். மேலதிகாரி ஒருவர் வந்தார், மகளின் வகுப்புத் தோழி வந்தாள். அந்தப் பெண்தான் கால் உதைப்பதைச் சரியாகச் செய்வது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பயிற்சியாளர் எத்தனையோ முறை சொல்லியும் பிடிபடாதது அவள் சொன்னதும் பிடிபட்டது.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, தொடர்ந்து போனேன். என் அனுபவத்தில், கேட்டவர்களில் சிலரே பிறகு தனியாக வந்து கட்டணம் எவ்வளவு, காலையில் கூட்டம் இருக்குமா என்று விசாரித்தார்கள். வெளியூரில் போய் முடித்த லட்சியத்துக்கு இது வாய்க்காது. படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான். உள்ளூரில் ஒருவர் செய்ததைப் பார்க்கும் இன்னொருவருக்கு அதே குளம், அதே கட்டணம், அதே பேருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஊரையே லட்சியமாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வில்லியம் ஹெல்ம்ரைக் நியூயார்க்கில் வளர்ந்த சமூகவியல் பேராசிரியர். சிறு வயதில் அவருடைய அப்பா அவரோடு ஒரு விளையாட்டு விளையாடுவாராம்: சுரங்க ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவது, இறங்கி அந்தப் பகுதியைச் சுற்றி நடப்பது, திரும்பி வருவது. அவ்வளவுதான் விளையாட்டு. அந்தப் பையன் வளர்ந்து, அறுபது வயதைக் கடந்த பிறகு, அந்த நகரத்தின் ஏறத்தாழ எல்லாத் தெருக்களையும் நடந்து முடித்தார். நான்கு ஆண்டுகள், ஆறாயிரம் மைலுக்கு மேல். போகிற வழியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பேசினார். 2020 மார்ச்சில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. ரிக்கி கேட்ஸ் என்ற ஓட்டக்காரர் 2018-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒவ்வொரு தெருவிலும் ஓடினார். அவ்வளவு நம்மால் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் தினமும் ஏறும் பேருந்தில் நம் நிறுத்தத்தைத் தாண்டி ஒருமுறையாவது கடைசிவரை போயிருக்கிறோமா? நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் போனதில்லை.

பட்டியல் போட்டு டிக் அடிப்பது வாழ்க்கையைக் கணக்குப் புத்தகமாக்கிவிடும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பயப்படுவது புரிகிறது. படம் எடுக்க மட்டும் ஓர் இடத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் பார்த்து எனக்கும் அந்தக் கவலை வந்திருக்கிறது. ஆனாலும் நான் டிக் அடிக்கும் பக்கம்தான். எழுதாமல் மனதில் மட்டும் வைத்திருக்கும் ஆசைக்கு நாள் குறிக்க முடியாது. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் காரியத்தை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறார்கள். அண்ணனிடம் பேச வேண்டும் என்பது ஆசையாகவே இருந்துவிடும். இந்தச் சனிக்கிழமை மாலை அவர் நடைப்பயிற்சி முடித்து வரும்போது வாசலில் நிற்பேன் என்று எழுதினால் அது நடந்துவிடலாம்.

நான் கொஞ்சம் கோபத்தோடு சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. சொந்த ஊர் ஆசைகள் தனி மனிதர் உறுதியால் மட்டும் நிறைவேறுவதில்லை. குளம் இருந்தால்தான் நீந்தலாம். நூலகம் வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருந்தால்தான் படிக்கலாம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தால்தான் ஒரு பெண் இரவில் தன் ஊரை நடந்து பார்க்கலாம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருந்தால்தான் கண்காட்சிக் கூடம் எல்லோருக்கும் சொந்தம். இரண்டு வேலை பார்த்து வீடு திரும்பும் ஒருவரிடம் போய், ஆசை இருந்தால் நேரம் தானாக வரும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தேவை அறிவுரை இல்லை. ஞாயிறு காலையில் திறந்திருக்கும், கட்டணம் கட்டுப்படியாகும் ஒரு பொதுக் குளம். பணம் உள்ளவர்கள் ஊரில் இல்லாததை வெளியூரில் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஊர் கொடுப்பதுதான் மொத்த உலகமும். அதனால் பூங்காவை எட்டு மணிக்கே பூட்டுவதும், நூலகத்தின் நேரத்தைக் குறைப்பதும் வெறும் நிர்வாக முடிவுகளாக எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவரின் தாளில் இருந்த ஒரு வரி அங்கே அடிபட்டுப் போகிறது.

அதனால் இப்போது என் பட்டியலில் இரண்டு விதமான வரிகள் இருக்கின்றன. நான் மட்டும் செய்து முடிக்க வேண்டியவை ஒரு பக்கம். அம்மாவின் பதிவு தொடங்கிவிட்டது, ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், அதற்கு மேல் அவர் களைத்துவிடுகிறார். மற்றவர்களோடு சேர்ந்துதான் முடியும் என்பவை இன்னொரு பக்கம். அதில் முதலாவது, எங்கள் பகுதி நூலகத்தை வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டரை வரை திறந்து வைக்கக் கோரும் மனு. குளத்தில் பழக்கமானவர்கள், தெருக்காரர்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று கையெழுத்துப் போட ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கொடுப்பதாக எழுதி வைத்திருக்கிறோம்.