சுவர்க்கடிகாரமும் ஒரு ஸ்டூலும்

ஊழியர் நலன், பணிப் பாராட்டு என்று யார் பேசத் தொடங்கினாலும் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். கல்லூரிக் கட்டணத்துக்காக மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 2 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே 18 ஆண்டுகளாக இருந்த அண்ணன் ஒருவருக்குப் பொங்கல் விழாவில் சிறந்த ஊழியர் என்று மாலை போட்டு, கடைப்பெயர் அச்சிட்ட கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே, கூட்டமில்லாத ஒரு மதிய வேளையில் தூணில் சாய்ந்து நின்றார் என்பதற்காக அவர் சம்பளத்தில் 50 ரூபாய் பிடித்தார்கள். இரவு கடை அடைத்தபின் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் கால்சட்டையைச் சுருட்டும்போது, கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு முறுக்கியதுபோல் நீலமாகப் புடைத்திருக்கும். எங்கள் தளத்தில் நரம்புச் சுருட்டல் இல்லாத மூத்தவர்கள் குறைவு.

நின்றே வேலை செய்பவர்கள், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. ஆனால், கடை ஊழியருக்கான 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அந்த வரி சேர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே கேரளம் இதைச் செய்துவிட்டது என்றால், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கழிப்பறை வேண்டும் என்று தொடங்கி, உட்காரும் உரிமை வரை பி. விஜி முதலான கடைப் பெண்கள் விடாமல் போராடியதே காரணம். நம் ஊரில் சட்டம் வந்தது. அப்படியொரு போராட்டத்தின் சூடு வரவில்லை என்பது என் எண்ணம்.

விற்பவர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தக் காலத்து ஜவுளிக்கடையைப் பார்த்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலையை விரிப்பார். எதிரே வாங்குபவர்களும் உட்கார்ந்து முந்தானையைத் தடவிப் பார்ப்பார்கள். யாருடைய மரியாதையும் குறைந்ததில்லை, வியாபாரமும் நடந்தது. பல மாடிக் கட்டடங்களும் கண்ணாடி மேசைகளும் கண்காணிப்புக் கேமராவும் வந்தபிறகுதான் ஊழியரின் முதுகு நேராக இருப்பது கடையின் அந்தஸ்தாக மாறியது. அப்போதும் பணம் வாங்கும் கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி என்ற சந்தேகம் எளிதில் வந்துவிடுகிறது. என் பார்வையில் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 18 ஆண்டுகள் ஒரு கடைக்கு உழைத்தவரை, வாடிக்கையாளர் வந்ததும் தானாக எழுந்துகொள்வார் என்று நம்ப முடியாத ஒரு நிர்வாகம், அவருக்கு எந்த விருதைக் கொடுத்தாலும் அதில் என்ன இருக்கிறது? அந்த அண்ணன் சரிகையை விரலால் தொட்டே தரம் சொல்வார். சென்ற ஆண்டு எந்தச் சாயம் வெளுத்துத் திரும்பி வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். என்றாலும், கொள்முதலுக்குக் காஞ்சிபுரமோ சூரத்தோ போகுமுன் ஒருநாளும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால், மாலையும் கடிகாரமும் இல்லாமலேயே அவர் நெஞ்சு நிறைந்திருக்கும், கடைக்கும் லாபம்தான். தீபாவளி போனஸைப் பெரிய பாராட்டாக மேடையில் அறிவிப்பதும் இப்படித்தான். 1965-லேயே சட்டம் எழுதிவைத்து, பின்னாளில் ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு என்று உயர்த்திய உரிமை அது. முதலாளியின் தாராளம் அல்ல.

சென்ற தீபாவளிக்குத் துணி எடுக்கச் சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். சுடிதார் பிரிவில் மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்ததைப் பார்த்ததும் மனம் மகிழ்ந்தது. கிட்டே போனபோது, அதன்மேல் பிரிக்காத துணிக்கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நீங்கள் இதில் உட்காருவதில்லையா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் மேலே கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "லேபர் ஆபீஸ்ல இருந்து யாராவது வந்தா கட்டை இறக்கிடுவாங்க சார். அன்னைக்கு உட்காருவோம்."