பிசா தேர்வைப் பற்றி ஒரு திருத்தம்

'பிசா தேர்வில் தமிழ்நாடு கடைசி இடம். பத்தாம் வகுப்பில் கணக்கில் 100 எடுப்பவர்களுக்கும் சுயமாகக் கணக்குப் போடத் தெரியாது என்பது நிரூபணமாகிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (பிசா என்பது பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் சர்வதேசத் தேர்வு.) இரண்டுமே சரியில்லை.

2009 பிசாவின் கூடுதல் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கணிதத்தில் தமிழ்நாட்டின் மதிப்பெண் 351, இமாசலம் 338, தேர்வில் கலந்துகொண்ட இன்னொரு நாடான கிர்கிஸ்தான் 331. அறிவியலில் தமிழ்நாடு 348. அங்கும் அவ்விரண்டும் நமக்குக் கீழேதான். வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டியது என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடைசி இடம் என்பது பொய்.

தவிர, பிசா 15 வயது மாணவர்களின் மாதிரி ஒன்றைச் சோதிக்கிறது. யார் பள்ளியில் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்று அது ஒப்பிடவே இல்லை. நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளையைப் பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

மதிப்பெண்ணும் சிக்கலைத் தீர்க்கும் திறனும் ஒன்றல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆரமும் உயரமும் கொடுத்துக் கூம்பின் கன அளவைக் கேட்டால் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் போதும். களத்தில் குவிந்த நெல்லைக் காட்டி, அடியைச் சுற்றிக் கயிறு பிடித்த நீளத்தையும் உயரத்தையும் மட்டும் கொடுத்தால், ஆரத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று மாணவருக்கே தோன்ற வேண்டும். அந்த இரண்டாம் வகைக் கேள்வி நம் வினாத்தாளில் அரிது. குறை அங்கே இருக்கிறது; பிள்ளைகள் மீது பழி போடாதீர்கள்.